பீச் பழத்துக்குக் கிளம்பிய வண்டி

தீயணைப்பு நிலையத்துச் சமையலைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பெருமையாகப் பேசுகிற அளவுக்கு அங்கே எதுவும் வெந்ததே இல்லை, அதுதான் காரணம். அடுப்பில் ஏற்றுவார்கள், மணி அடிக்கும், ஓடுவார்கள். கடைசியாக ஓடுகிறவர் சமையலறை மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுப் போக வேண்டும், இது சட்டம். ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்துத் திரும்பி வந்தால் உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கூழ். பசிக்கிற வயிறு இதையெல்லாம் பார்க்குமா? தின்றுவிட்டுத் தூங்குவார்கள்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை நிலைய அதிகாரியின் காது படச் சொல்லக்கூடாது. மனிதர் பத்து நாளைக்குப் பேச மாட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு குப்பைத் தொட்டியை அணைக்கப் போனவர்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சட்டி பற்றியது, திரைச்சீலை பற்றியது, அலமாரி பற்றியது. தீயணைப்பு நிலையத்திலேயே தீ! பக்கத்து நிலையத்துக்காரர்கள்தான் வந்து அணைத்தார்கள். அணைத்தோமா, போனோமா என்று இருந்தார்களா? பெயர்ப்பலகைக்குக் கீழே வரிசையாக நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அதிகாரி கப்பலேறிப் போன மானத்தைப் பார்த்தபடி அந்தச் சுவிட்சுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

அப்பேர்ப்பட்ட சமையலறையில், அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, வண்டியோட்டுகிற டிரைவர் பீச் பழம் அறுத்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் பன்னிரண்டு பழம். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் அவருடைய மகள். அவள் வேறு ஊரில் நர்ஸ். ஐந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதைவிட அப்பா ஒருத்தரைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று புகுந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அப்பா, பழத்துல ஒரு கோடு ஓடுது பாரு. அந்தக் கோட்டு மேலயே கத்திய வெச்சு சுத்தி வா. கொட்டை வரைக்கும் இறங்கணும். அப்புறம் ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு திருகு."

"வீல் நட்டு கழட்டற மாதிரியா?"

"ஐயையோ, அவ்ளோ பலம் வேண்டாம். பழம்பா அது."

அதற்குள் முதல் பழம் அவர் கையில் சட்னியாகிவிட்டது. அவசர அவசரமாக அதை வாயில் போட்டுச் சாட்சியை அழித்தார். இரண்டாவது பழம் 'டக்' என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் கொட்டை, மறு பாதியில் கொட்டை இருந்த குழி. டிரைவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்! மூன்றாவது, நான்காவது என்று கை பழகிவிட்டது. சில பழத்தில் மட்டும் கொட்டை நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவற்றை ஸ்பூனால் சமாதானப்படுத்தினார்.

"குழில என்ன வைக்கணும், ஞாபகம் இருக்கா?"

"வெண்ணெய் கொஞ்சம், பழுப்புச் சர்க்கரை கொஞ்சம், பிஸ்கட்ட நொறுக்கி அது மேல. பட்டைப் பொடி ஒரு சிட்டிகை."

"அவ்ளோதான். இருபத்தஞ்சு நிமிஷம். பழம் இல்ல முக்கியம், அப்புறம் வாயத் திறக்கறதுதான் முக்கியம். இன்னிக்கு நீ கேக்கலைன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன், ஆமா."

"கேக்கறேன்டி."

"இப்படித்தான் எட்டு மாசமா சொல்ற. அம்மா இருந்திருந்தா உன்னைத் திட்டித் திட்டியே இந்தக் கல்யாணத்தப் பண்ணி வெச்சிருப்பா."

டிரைவர் சிரித்துவிட்டார். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

விஷயம் இதுதான். மூன்று மணிக்கு நிலையத்துக்கு ஒரு விருந்தாளி வருகிறார். கட்டுப்பாட்டு அறையில் ஆறு வருடமாக வயர்லெஸ்ஸில் பேசுகிற அம்மாள். தீயணைப்புத் துறை முழுவதும் அவரை 'கன்ட்ரோல் மேடம்' என்றுதான் சொல்லும். மற்றவர்கள் எல்லாம் குழாயைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் போய்விடுவார்கள். டிரைவர் மட்டும் வண்டியோடு நின்று பம்பை ஓட்ட வேண்டும், வயர்லெஸ்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'தண்ணி எவ்வளவு இருக்கு?' 'பாதி டேங்க் மேடம்.' ஐந்து வருடம் இப்படியே தண்ணீர்க் கணக்காகப் போயிற்று. ஒருநாள் ஒரு மரக்கடைத் தீயில் பதினோரு மணி நேரம் நின்றபோது, எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் குரல் கேட்டது: 'ஏதாவது சாப்பிட்டீங்களா?' சட்டப்படி அப்படிக் கேட்கக்கூடாது. டிரைவர் அன்றைக்கு அவுட்.

அதற்குப் பிறகு எட்டு மாதமாகப் போனில் பேச்சு. நேரில் பார்த்தது இரண்டே முறை, அதுவும் துறைக் கூட்டத்தில், நூறு பேருக்கு நடுவில். நேரில் பார்த்தால் டிரைவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சந்து பொந்தில் வண்டியைத் திருப்புகிற மனிதர், ஒரு வாக்கியத்தைத் திருப்பத் தெரியாமல் நிற்பார்.

போன வாரம் மேடம் போனில் சொன்னார்: புதிதாகச் சேரும் ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை வந்திருக்கிறது. வேறு ஊர், ஐந்து மணி நேரப் பயணம். சரியா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 'அதுக்கு முன்னாடி உங்க ஸ்டேஷனை ஒருதடவை பார்க்கணும்' என்றார்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஐந்து மணிக்குள் டிரைவர் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் குரல் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த ஊர் வயர்லெஸ்ஸில் வேறு யாரோ தண்ணீர்க் கணக்குக் கேட்பார்கள். 

தட்டில் இருபத்திரண்டு பாதிகளும் குழி மேலே பார்க்க அடுக்கியாயிற்று. "அண்ணே, நான் ஒண்ணு டேஸ்ட் பார்க்கட்டுமா?" என்று வாசலில் ஒரு தலை நீண்டது. ஆறடி நான்கு அங்குலம் வளர்ந்ததால் அவனுக்கு 'ஏணி' என்று பெயர்.

"வேகவே இல்ல, என்ன டேஸ்ட்டு? அதிகாரி என்ன பண்றார்?"

"ரூம்ல இருக்கார்ண்ணே. மேடம் வந்ததும் யாரும் அந்தப் பக்கம் தலை காட்டக்கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டரே போட்டுட்டார். நீங்க தைரியமா கேளுங்க."

"அவருக்கும் தெரியுமா?"

"யாருக்குத் தெரியாதுண்ணே? உங்களுக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது."

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த ஓவன் ஒரு ரொட்டிக்கடைக்காரர் கொடுத்தது. கடையில் புகை வந்து இவர்கள் போய் அணைத்ததற்கு நன்றியாக, தன் பழைய ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். நான்கு மாதமாக அதில் ரொட்டியைச் சூடு பண்ணுவதோடு சரி. பக்கத்தில் ஒரு டைமர் குமிழ் இருப்பதை யாரும் தொட்டதில்லை. கடை இரைச்சலில் கேட்க வேண்டும் என்பதற்காக அதை எவ்வளவு சத்தமாகச் செய்திருப்பார்கள் என்று யாராவது யோசித்தார்களா? யோசிக்கவில்லை. டிரைவர் மட்டும் யோசிப்பாரா? மேடத்தோடு பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார். தட்டை உள்ளே தள்ளி, குமிழை இருபத்தைந்துக்குத் திருப்பினார். சரியாக அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கன்ட்ரோல் மேடம் சாம்பல் நிறச் சேலையில் இறங்கினார். கையில் ஒரு டப்பா ஐஸ்கிரீம். "நீங்க பழம் வேகவைக்கறதா உங்க பொண்ணு சொன்னா. சும்மா வர முடியுமா?" என்றார்.

"என் பொண்ணா? உங்ககிட்ட எப்போ பேசினா?"

"தினமும்தான் பேசறா. நீங்கதான் பேச வேண்டியதப் பேச மாட்டேங்கறீங்க."

டிரைவர் அசடு வழிய நின்றார். ஐஸ்கிரீமை வாங்கி குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மேடத்தை நேராக வண்டிக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். வண்டி பக்கத்தில் நின்றால் கொஞ்சம் தெம்பு வரும் என்று எண்ணம். வண்டியின் ஏணி எவ்வளவு நீளும், தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், எந்தச் சக்கரம் எப்போது மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். மேடமும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பம்புப் பலகைக்கு முன்னால் நின்று, பக்கத்தில் தொங்கிய மைக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான் நின்னு எனக்குப் பதில் சொல்லுவீங்களா?"

"இங்கதான் மேடம்."

"நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். உங்களுக்கு ஒரு நாற்காலியாவது இருக்கும்னு நினைச்சேன்." மைக்கை மாட்டினார். "அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, டிரைவர் சார். புதுசா வர்ற பொண்ணுங்க முதல் நாள் எப்படிப் பயப்படுவாங்க தெரியுமா? நான் அழுதேன். யாரும் சொல்லித் தரல. ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி இங்க வந்து பார்த்துட்டுப் போகலாம்னு தோணிச்சு. ஏன் தோணிச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

இதைவிட ஒரு மனுஷி எப்படி வழி விடுவாள், சொல்லுங்கள்! டிரைவருக்கு எதிரே மகள் முகமும் அதற்குப் பின்னால் மனைவி முகமும் 'ம், கேளு' என்று அதட்டுவதுபோல் இருந்தது.

"மேடம்... நான் உங்ககிட்ட ஒண்ணு... அதாவது, நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா... நீங்க வந்து..."

ட்ர்ர்ர்ரிங்!

பிறகு நடந்ததற்கு மூளை பொறுப்பில்லை, கால்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக மணி கேட்டால் ஓடுகிற கால். டிரைவர் ஒரே தாவலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தார். அதிகாரி அறையிலிருந்து ஒரு செருப்போடு ஓடி வந்து பூட்ஸுக்குள் குதித்தார். இரண்டு வீரர்கள் கோட்டை மாட்டியபடியே ஏறினார்கள். ஏணிதான் கடைசி, சட்டப்படி சிவப்புச் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு, ஓடுகிற வண்டியில் தொற்றினான். சைரன் அலறியது. முப்பத்தெட்டே நொடி! மேடம் சுவரோடு சுவராக நின்றதை டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு நொடி பார்த்தார், அவ்வளவுதான்.

தெருவில் பஸ் ஒதுங்கியது, கார் ஒதுங்கியது. சைக்கிள்காரர் ஒருவர் மரியாதையாக இறங்கியே நின்றார். அதிகாரி மைக்கை எடுத்தார்.

"கன்ட்ரோல், ஒன்றாம் வண்டி கிளம்பியாச்சு. முகவரி சொல்லுங்க, ஓவர்."

கன்ட்ரோலில் அன்று ஒரு புதுப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். "சார்... எந்த முகவரி சார்? ஓவர்."

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்."

"நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே சார்."

சைரன் மட்டும் விவரம் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது. "அப்போ மணி அடிச்சது யாரு?" என்று அதிகாரி மெதுவாகத் திரும்பினார். டிரைவருக்கு அந்த நொடியில்தான் இருபத்தைந்து நிமிடம் ஞாபகம் வந்தது. சொல்லலாமா, மென்று முழுங்கலாமா என்று அவர் திணறுகையில், வயர்லெஸ்ஸில் வேறொரு குரல் கேட்டது. நிலையத்து மேசையிலிருந்த செட்டிலிருந்து. ஆறு வருடமாக அந்த வண்டி கேட்டுப் பழகிய குரல்.

"ஒன்றாம் வண்டி கவனிக்கவும். மணி அடிச்சது ஓவன். சம்பவ இடம், உங்க சமையலறை. பீச் பழம், இருபத்திரண்டு துண்டு. உயிர்ச்சேதம் எதுவும் இல்ல. ஓவர்."

ஏணி பின்னாலிருந்து குபீரென்று சிரித்து, ஹெல்மெட்டால் வாயை மூடிக்கொண்டான். வயர்லெஸ் என்பது ஊர்க்கிணறு மாதிரி. எல்லா நிலையத்துக்காரனும் எட்டிப் பார்க்கலாம். உடனே ஒரு கரகரத்த குரல் குறுக்கே வந்தது: "பழத்துக்கு ஒரு வண்டி போதுமா, இல்ல நாங்களும் வரணுமா? ஓவர்." பக்கத்து நிலையம்! படம் எடுத்த அதே கும்பல்! அதிகாரியின் காது சிவந்துவிட்டது.

"டிரைவர், ஓரமா நிறுத்துங்க" என்றார்.

டிரைவர் நிறுத்தினார், சைரனை அணைத்தார். வேலையே போய்விட்டது என்றுதான் நினைத்தார். அதற்குள் மேடத்தின் குரல் மறுபடி வந்தது.

"இன்னொரு விஷயம். டிரைவர் கிளம்பறப்போ ஒரு வாக்கியத்தப் பாதியில விட்டுட்டுப் போனார். மீதியையும் சொன்னா நல்லது. மணி மூணரை ஆகுது. ஓவர்."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அதிகாரி பெருமூச்சு விட்டு மைக்கை அவரிடம் நீட்டினார். "இதுல சொந்த விஷயம் பேசறது சட்டப்படி குத்தம். நான் இப்போ ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கப் போறேன். எனக்கு எதுவும் காதுல விழாது."

மைக் கைக்கு வந்ததும் டிரைவருக்கு என்னமோ ஆயிற்று. எதிரே ஆள் இல்லை. புகையிலும் மழையிலும் விடியவிடிய நின்று பேசிய அதே மைக். நாக்கு தானாகவே புரண்டது.

"மேடம், நீங்க அந்த ஊருக்குப் போகாதீங்க. இங்கயே இருங்க. என்கூட இருங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓவர்" என்றார்.

வண்டிக்குள் மற்ற நான்கு பேரும் மூச்சுவிடவில்லை. ஊரில் உள்ள அத்தனை நிலையங்களும் மூச்சுவிடவில்லை என்று பிறகு தெரிந்தது. வயர்லெஸ் கரகரத்தது. பதில் வரப்போகிறது என்று டிரைவர் குனிந்தார்.

"மன்னிச்சுக்கங்க" என்றது புதுப் பெண்ணின் குரல், நடுங்கிக்கொண்டே. "எல்லாரும் கொஞ்சம் லைனை விடுங்க. நிஜமாவே ஒரு அழைப்பு. சந்தைக்குப் பின் தெரு, சலவைக்கடை, உள்ளே புகை. ஒன்றாம் வண்டிதான் ரொம்பப் பக்கத்துல இருக்கு. சார், இது நிஜம்."

ஒன்றாம் வண்டி இரண்டே தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தது! சலவைக்கடைக்காரர் போனைக் கீழே வைப்பதற்குள் வாசலில் வண்டி நின்றது. "இவ்ளோ சீக்கிரமா?" என்று அவர் வாயைப் பிளந்தார். அதிகாரி விறைப்பாக, "எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இஸ்திரி இயந்திரம் ஒன்று சூடேறி, அடுக்கி வைத்திருந்த போர்வைகள் புகைந்திருந்தன. ஆளுக்கு ஆபத்து ஏதுமில்லை. ஆனால் புகைந்த போர்வையை லேசில் நம்ப முடியாது; ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டு நனைக்க வேண்டும். டிரைவர் பம்புப் பக்கம் நின்றார். கை தன்பாட்டுக்கு வால்வைத் திருப்பியது. மனசு முழுக்க வயர்லெஸ்ஸில். மணி நாலு பத்து. நாலு இருபத்தைந்து. பதில் இல்லை. சம்பவ இடத்தில் நிற்கும் வண்டியிடம் தண்ணீரைத் தவிர வேறு பேசக்கூடாது என்று மேடத்துக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தாலும் தவிப்பு தவிப்புதான்.

"தண்ணி எவ்வளவு இருக்கு? ஓவர்." புதுப் பெண்.

"முக்கால் டேங்க்."

குரல் தணிந்தது. "சார், மேடம் இன்னும் ஸ்டேஷன்லதான் இருக்காங்க. போன் பண்ணிப் பார்த்தேன்."

"என்னம்மா சொன்னாங்க?"

"பழம் சரியா வேகலையாம். சுவிட்சப் போட்டு மறுபடியும் வெச்சிருக்காங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல சார். ஆனா என்னைப் பாராட்டினாங்க. நிஜ அழைப்ப சொல்றதுக்கு எல்லாரையும் நடுவுல நிறுத்தினது சரின்னாங்க. மேடம்தான் சார் எனக்கு ரெண்டு வாரம் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. இல்லேன்னா நான் இன்னிக்கு மைக்கைப் போட்டுட்டு ஓடியிருப்பேன்."

டிரைவரின் கை வால்வின்மேல் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரத்துக் குழந்தை இவள். நடுங்கினாலும் உளறவில்லை, முகவரியைத் தப்பாகச் சொல்லவில்லை, எந்த வண்டி பக்கத்தில் என்று பார்த்துச் சொன்னாள். இவளை மாதிரி நூறு பேரை உருவாக்கப் போகிற மனுஷியைப் பார்த்து, ஊர் கேட்க, 'போகாதீங்க' என்று சொல்லியிருக்கிறோம். வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு என்று வாயால் சொன்னாரே, காதில் வாங்கினோமா? அடச்சே! டிரைவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எட்டு மாதம் யோசித்து யோசித்து, கடைசியில் கேட்டது தப்பான கேள்வி.

தீ அணைந்து, டிரைவரும் கைகொடுத்துக் கரிந்த போர்வைகளை ஒதுக்கி, குழாயைச் சுருட்டி, கிளம்பும்போது மணி நாலு ஐம்பது. டிரைவர் ஓட்டிய வேகத்தில் அதிகாரி இரண்டு தடவை கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். "யோவ், திரும்பிப் போறதுக்கு எதுக்கய்யா சைரன்?" என்று மட்டும் கேட்டார். அணைக்கச் சொல்லவில்லை.

நிலையத்துக்குள் நுழைந்ததும் வாசனை அடித்தது. வெண்ணெயும் சர்க்கரையும் பழச்சாறும் சேர்ந்து உருகிய வாசனை. சமையலறை மேசையில் தட்டு. பழங்கள் ஓரமெல்லாம் சுருங்கிப் பளபளவென்று இருந்தன. குழிக்குள் பிஸ்கட் பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. தட்டின் அடியில் சாறு பாகு மாதிரி கட்டியிருந்தது. ஆளுக்கொரு கிண்ணம்கூட எடுத்து வைத்தாயிற்று. ஏணி ஒரு துண்டை ஐஸ்கிரீமோடு வாயில் போட்டுவிட்டு அப்படியே கண்ணை மூடினான்.

"சார்," என்றான் அதிகாரியிடம், "முழுசா வெந்திருக்கு சார்."

அதிகாரி ஒரு வாய் தின்றார். பிறகு கிண்ணத்தோடு ஒரு மூலைக்குப் போனார். அந்தச் சமையலறையில் யாரோ ஒருவர் அடுப்புப் பக்கத்திலேயே இருந்து இறக்கிய முதல் பண்டம் அதுதான்.

டிரைவர் எதையும் தொடவில்லை. மேடம் அலுவலக அறையில் மேசையருகே நின்றிருந்தார், காதில் போன். மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிடம். முகமெல்லாம் கரியோடு டிரைவர் வாசற்படியில் நின்றார். மேடம் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தலைமை அலுவலகம். லைன்ல இருக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு, "நீங்க சொன்னதுல பாதி எனக்குப் பிடிச்சிருந்துது, டிரைவர் சார். பாதி பிடிக்கல."

"தெரியும் மேடம். முதல் பாதிய வாபஸ் வாங்கிக்கறேன்." ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மைக் இல்லை, எதிரே ஆள் இருக்கிறார், ஆனாலும் இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "நீங்க போங்க. கண்டிப்பா போகணும். அங்கயும் வண்டி இருக்கும், ஓட்ட ஆள் வேணும். இடமாற்றம் கேட்டு எழுதிக் குடுக்கறேன். நானும் வரட்டுமா?"

மேடத்திடமிருந்து, ஆறு வருடமாக எவ்வளவு பெரிய தீயிலும் பிசகாத அந்தக் குரல் வெளியே வரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போனில் யாரோ பேசினார்கள்.

"இருக்கேன் சார்" என்று மேடம் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டார். "ஆமா சார், சம்மதம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேர்ந்துடறேன்." கொஞ்சம் கேட்டார். "குவார்ட்டர்ஸா? என்ன சார்? தனி ஆளுக்கா, குடும்பத்துக்கான்னு எழுதணுமா?"

சமையலறையில் ஸ்பூன் சத்தம் நின்றுபோயிற்று. மேடம் டிரைவரைப் பார்த்தார். கரி படிந்த முகம், கையில் ஹெல்மெட், மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி ஒரு நிற்பு.

"குடும்பம் சார்" என்றார்.